அஞ்சுநாட்டில் அம்மாவுடன் மூன்று நாள்

உடுமலையிலிருந்து மூணாறு போகிற சாலையில் ஒன்பதாறு சோதனைச்சாவடி என்று ஒன்று இருக்கிறது. நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. திருப்பூரில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, அப்புறம் துணிமணி எடுத்துவைத்து, அப்புறம் பெட்ரோல் போட்டுக் கிளம்பினால் இப்படித்தான் ஆகும். தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற வனக்காவலர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பின்சீட்டில் எழுபது வயது அம்மா, மடியில் ஒன்பது வயது மகன். "யானை இறங்குற நேரம்மா. இனிமே விட முடியாது. காலையில வாங்க" என்றார். திருப்பிக்கொண்டு உடுமலைக்கே வந்து ஒரு விடுதியில் தங்கினோம். நாங்கள் போகவேண்டிய காந்தலூரில் முன்பணம் கட்டிய அறைக்கு ஓர் இரவுப் பணம் போனது.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாலை ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள்ளும் சின்னாறு சரணாலயத்துக்குள்ளும் போகிறது. இருட்டிய பிறகு போக்குவரத்து கிடையாது. நேரம் அவ்வப்போது மாறும், கிளம்பும் அன்று விசாரித்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் மதியம் இரண்டு மணிக்குள் சாவடியைத் தாண்டுவதுபோல் திட்டம் போட்டால் பதற்றமில்லை. தண்ணீரைப் பழைய எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள், பிளாஸ்டிக்கைச் சோதிப்பார்கள். நடுவில் வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது. குரங்குக்கு எதையும் போடக் கூடாது.

நாங்கள் போனது மறையூருக்கும் காந்தலூருக்கும். கேரளத்தின் இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகா. ஆனால் சாலையில் காதில் விழுகிற பேச்சில் பாதி தமிழ். மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்ற ஐந்து ஊர்களையும் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். முன்பு திருவிதாங்கூர் அரசோடு இருந்த பகுதி, 1956-ல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது கேரளத்தோடு நின்றது. ராஜராஜ சோழன் கலமறுத்ததாகக் கல்வெட்டுகள் சொல்லும் காந்தளூர்ச் சாலை இதுதானோ என்று சிலர் கேட்பார்கள். இல்லை. அதைத் திருவனந்தபுரம் பக்கம் என்றுதான் ஆய்வாளர்கள் குறிக்கிறார்கள். இது வேறு ஊர், மலையூர்.

மறுநாள் காலையில் சாவடி திறந்ததுமே போய்விட்டோம். ஒரு விதத்தில் முந்தைய நாள் தடங்கல் நல்லதாகப் போயிற்று. காலை வெயிலில்தான் அந்தக் காட்டின் நிறம் தெரிகிறது. மூணாற்றை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இங்கே திகைத்துப் போவார்கள். பச்சைப் போர்வை கிடையாது. முள்மரங்களும் கள்ளியும் சிவந்த பாறையும்தான். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை ஆனைமுடியும் (2,695 மீட்டர்) அதைச் சுற்றிய மலைகளும் மறுபக்கமே வாங்கிக்கொள்கின்றன. இந்தப் பக்கம் மழைமறைவு. சின்னாற்றில் ஆண்டுக்கு ஏறக்குறைய 500 மில்லிமீட்டர் மழைதான். அந்த வறட்சியில்தான் நட்சத்திர ஆமையும் சாம்பல்நிற மலை அணிலும் வாழ்கின்றன. எங்களுக்கு மான் கூட்டம் ஒன்று தென்பட்டது, சாலையில் ஈரம் காயாத யானை லத்தி கிடந்தது. கணவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனார். ஒலிப்பானை ஒரு தடவைகூட அழுத்தவில்லை.

சின்னாற்றுப் பாலம் தாண்டினால் கேரளச் சோதனைச்சாவடி. அதன் பிறகு ஏற்றம். மறையூரை நெருங்கும்போது சாலையின் இருபக்கமும் உயரமான கம்பிவேலி வரும். அதற்குள் நிற்பவை சந்தனமரங்கள். கேரளத்தில் சந்தனம் இயற்கைக் காடாக வளர்கிற இடம் இதுதான். மரத்துக்கு மரம் எண் போட்டுக் காவல் காக்கிறார்கள். பூஜை அறையில் உரசுகிற கட்டையை மட்டுமே பார்த்திருந்த மகன், இலையும் பட்டையுமாக நின்ற மரத்தைப் பார்த்து "இதுல வாசனையே வரலையே" என்றான். "வைரம் பாய்ஞ்சாத்தான்டா மணக்கும்" என்றார் அம்மா. உள்மரத்தில்தான் எண்ணெய் சேரும், அதற்குப் பல்லாண்டுகள் ஆகும். அம்மா அதை ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

அன்று நாங்கள் செய்த தவறு பெரியது. ஓர் இரவு கைவிட்டுப் போனதே என்ற அவசரத்தில், காந்தலூரில் பையை வைத்ததும் ஒரு ஜீப் பேசி, போனில் குறித்து வைத்திருந்த ஏழு இடங்களையும் ஒரே நாளில் பார்க்கக் கிளம்பினோம். அருவி, காட்சிமுனை, தோட்டம், இன்னொரு காட்சிமுனை, இன்னொரு தோட்டம். மலைப்பாதையில் ஜீப் குலுக்கிய குலுக்கலில் அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. கடைசி இரண்டு இடங்களில் அவர் இறங்கவே இல்லை. ராத்திரி தைலம் தேய்க்கும்போது மெதுவாகச் சொன்னார்: "இம்புட்டுத் தூரம் வந்து, ஊரைப் பார்க்காம ஜீப்புக்குள்ளயே உக்காந்திருந்தேன்டி." எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஜீப்காரர் மேல் குறையில்லை, நாங்கள் கேட்ட இடத்துக்கெல்லாம் அவர் கொண்டுபோனார். அன்று எடுத்த படங்களில் எது எந்த இடம் என்று இன்று என்னால் சொல்ல முடியவில்லை.

மறுநாளுக்கான பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டோம். அங்கிருந்துதான் எங்கள் பயணம் ஆரம்பமாயிற்று என்று நினைக்கிறேன்.

நாங்கள் தங்கியது ஒரு விவசாயி வீட்டோடு சேர்ந்த இரண்டு அறைகளில். வீட்டுக்கார அக்கா காலை ஐந்தரைக்கு முற்றத்தில் உட்கார்ந்து பூண்டு அறுத்துக்கொண்டிருந்தார். அறுப்பது என்றால் தோல் உரிப்பது அல்ல; வயலிலிருந்து பிடுங்கி வந்த பூண்டின் வேரை நறுக்கி, மண் உதிர்த்து, தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டுவது. ஓணத்துக்கு முந்தைய வாரம் அது, ஆகஸ்ட் கடைசி. காந்தலூரில் பூண்டு எடுக்கிற பருவம். கட்டிய கட்டுகளை வீட்டுக்குள் பரண்கொடியில் தொங்கவிடுகிறார்கள். கீழே அடுப்பு எரிகிறது. அந்தப் புகையிலும் சூட்டிலும் காய்ந்த பூண்டு மாதக்கணக்கில் கெடாது என்றார் அக்கா. விதைப்பூண்டையும் அப்படித்தான் காப்பாற்றி வைக்கிறார்கள்.

அம்மா காப்பி குடித்த கையோடு போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நானும் ஒரு மனையைப் போட்டுக்கொண்டேன். காந்தலூர்ப் பூண்டு சின்னது. கடைகளில் குவித்து வைத்திருக்கும் பெரிய வெள்ளைப் பூண்டைப் பார்த்த கண்ணுக்கு இது ஏதோ கழிவுபோலத் தெரியும். ஒரு பல்லை நசுக்கி மோந்து பார்த்தால்தான் தெரிகிறது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எண்ணெய்ச் சத்து அதிகம், காரம் அதிகம். காந்தலூர், வட்டவடைப் பூண்டுக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வந்ததும் விலை ஏறியதா என்று கேட்டேன். அக்கா சிரித்துவிட்டு, "சந்தைக்குப் போனா அவங்க சொல்றதுதானே விலை" என்றார். இங்கே விளையும் பூண்டு காலங்காலமாகத் தேனிப் பக்கம் வடுகபட்டிச் சந்தைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் போகிறது. நடுவில் எத்தனை கை மாறுகிறதோ அத்தனை பங்கு குறைகிறது. ஆகவே அங்கே போகிறவர்கள் பூண்டு வாங்குவதாக இருந்தால் தங்கிய வீட்டிலோ பக்கத்து வயலிலோ வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள். ஒரு பருவத்து உழைப்பு அது. ஈரப் பூண்டைப் பையில் அடைக்காமல் தாளோடு கட்டி வாங்கி வந்து, சமையலறையில் காற்றோட்டமாகத் தொங்கவிட்டால் போதும். நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

அன்று மதியம் அந்தப் பூண்டில் குழம்பு. முழுப்பூண்டை நல்லெண்ணெயில் வதக்கி, புளி கரைத்து, கடைசியில் ஒரு துண்டு வெல்லம். பக்கத்தில் பறித்து ஒரு மணி நேரம்கூட ஆகாத பீன்ஸ் பொரியல், ராகிக் களி. களி கிண்டும்போது அம்மா கரண்டியை வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் மாறி மாறிக் கிண்டினார்கள். மகன் வீட்டில் களியைத் தொடாதவன். அன்று பூண்டுக் குழம்பில் தோய்த்து மூன்று உருண்டை சாப்பிட்டான். நான் அதை ஒன்றும் சொல்லவில்லை, கண்ணும் வைக்கவில்லை.

காந்தலூரை ஆப்பிள் விளையும் ஊர் என்றுதான் பலரும் தெரிந்துவைத்திருக்கிறார்கள். ஆமாம், விளைகிறது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், குளிர் உண்டு. பிளம்ஸ், பேரி, ஆரஞ்சு, பேஷன் ஃப்ரூட், மரத்தக்காளி எல்லாம் இருக்கின்றன. ஆனால் கடையில் மெழுகு பூசிப் பளபளக்கிற காஷ்மீர் ஆப்பிளை எதிர்பார்த்துப் போகக் கூடாது. இது சின்னது, கொஞ்சம் புளிப்பு. ஆகஸ்ட், செப்டம்பரில் போனால் மரத்தில் காயைப் பார்க்கலாம். மற்ற மாதங்களில் தோட்டத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போய் வெறும் இலையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏராளம். அறை முன்பதிவு செய்யும்போதே "இப்ப வயல்ல என்ன இருக்கு?" என்று கேளுங்கள். காட்சிமுனை எது என்று கேட்பதைவிட அந்தக் கேள்விக்குத்தான் நல்ல பதில் வரும். இந்தியச் சுற்றுலா அமைச்சகம் 2023-ல் நடத்திய சிறந்த சுற்றுலாக் கிராமப் போட்டியில் காந்தலூருக்குத் தங்கப் பிரிவில் விருது கிடைத்தது. அதற்குப் பிறகு கூட்டம் கூடியிருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் விடுமுறை நாட்களைத் தவிர்த்துவிட்டால் ஊர் ஊராக இருக்கும்.

மாலையில் அம்மாவைக் கைத்தாங்கலாக ஊருக்குள் அழைத்துப் போனேன். மலைச்சரிவை வெட்டி அடுக்கடுக்காகக் கட்டிய வயல்கள். ஒரு காலத்தில் இவை நெல் வயல்கள் என்றார் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். இப்போது காய்கறியும் பூண்டும். மேலே சரிவுகளில் யூகலிப்டஸ் மரங்கள் வரிசையாக நின்றன. "அந்த மரம் வந்த பெறகு ஓடை வத்திப்போச்சு" என்று கையை நீட்டிக் காட்டினார். அம்மாவின் ஊர் எது என்று விசாரித்தார். மதுரைப் பக்கம், அலங்காநல்லூருக்குப் பக்கத்து ஊர் என்று அம்மா சொன்னதும் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார்.

"மதுரையா! எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் அங்கேருந்து வந்தவங்கதான் தாயி. உள்ளே வாங்க."

மதுரையில் ஏதோ ஓர் ஆட்சிக் கலக்கத்துக்கு அஞ்சி மலையேறி வந்தவர்கள், ஐந்து ஊராகப் பிரிந்து குடியமர்ந்தவர்கள் என்பது அஞ்சுநாட்டார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. எந்த மன்னர் காலம் என்பதில் ஆளுக்கொரு சொல். இந்த மலைகளில் வாழும் முதுவர் பழங்குடியினருக்கும் ஒரு மதுரைக் கதை உண்டு. மதுரையை விட்டு வரும்போது மீனாட்சியை முதுகில் சுமந்து வந்தார்கள், அதனால் முதுவர் என்கிறார்கள். பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு வந்ததால் அந்தப் பெயர் என்றும் சொல்வதுண்டு. முதுவப் பெண்கள் இன்றும் குழந்தையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். ஆவணம் இருக்கிறதா இல்லையா என்பது அந்தத் திண்ணையில் பெரிய விஷயமாகப் படவில்லை. அம்மாவும் அந்தப் பெரியவரும் பொங்கலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கேரளத்தில் எல்லாரும் ஓணத்தைக் கொண்டாட, அஞ்சுநாட்டு ஊர்களில் இன்றைக்கும் பெரிய திருநாள் பொங்கல்தான். "தை பொறந்தா வாங்க தாயி, நம்ம வீட்லயே தங்கலாம்" என்றார். அம்மா சரி என்று தலையாட்டினார். எங்கள் வீட்டில் இப்போது அது தீர்மானமான விஷயம்.

அதே நாளில் கணவரும் மகனும் சின்னாறு போயிருந்தார்கள். சாலையோரத்தில் ஆலாம்பெட்டி என்ற இடத்தில் வனத்துறையின் சூழல் மையம் இருக்கிறது. பழங்குடி வழிகாட்டிகள் கூட வர, காட்டுக்குள் நடந்து கற்திட்டைகள் என்கிற பழங்காலக் கல்லறைகளையும் பாறை ஓவியங்களையும் பாம்பாற்றங்கரையையும் பார்க்கலாம். காலையில் சீக்கிரம் போகவேண்டும், வெயில் ஏறினால் நடக்க முடியாது. மங்கலான நிறத்தில் துணி, பிடிப்பான செருப்பு அல்லது ஷூ. மகன் திரும்பி வந்து ஒரு மணி நேரம் அந்த வழிகாட்டி அண்ணனைப் பற்றியே பேசினான். மரத்தில் கீறல் இருந்தால் கரடியா சிறுத்தையா என்று அவர் எப்படிக் கண்டுபிடித்தார், எங்கே நிற்கச் சொன்னார், ஏன் பேசக்கூடாது என்றார். வழிகாட்டிக்குக் கொடுக்கிற கட்டணம் நேராக அந்தக் குடிகளின் வருமானத்தில் சேர்கிறது. தயங்காமல் கொடுங்கள்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டுக் கீழே கோவில்கடவுக்கு வந்தோம். பாம்பாற்றின் கரையில் இருக்கும் சின்ன கடைத்தெரு. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் கபினி, பவானி, பாம்பாறு என்று மூன்றே. பாம்பாறு கீழே போய் அமராவதியாகிறது. உடுமலை, தாராபுரம் பக்கம் நாங்கள் பார்த்து வளர்ந்த வாய்க்கால் தண்ணீர் இங்கேயிருந்துதான் வருகிறது. அமராவதி அணை 1957-ல் கட்டப்பட்டது என்று தெரியும், தண்ணீர் பிறக்கும் இடத்தை அன்றுதான் பார்த்தேன். ஆற்றங்கரையில் தென்காசிநாதர் கோயில். அம்மா அங்கே கும்பிட்டுவிட்டு, "மேலே அந்தக் கல்லு வீட்டையும் பார்த்துட்டுப் போவோம், மெதுவா ஏறுறேன்" என்றார்.

ஊரையொட்டிய பெரிய மொட்டைப்பாறை மேல் இருக்கின்றன முனியறைகள். முனிவர்கள் தவம் செய்த அறை என்பது ஊர் நம்பிக்கை. உண்மையில் இவை இரும்புக்கால மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பிய கற்திட்டைகள். நான்கு பக்கமும் பலகைக்கற்களை நிறுத்தி, மேலே ஒரே கல்லை மூடியாக வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பு கிடையாது, சாந்து கிடையாது. கல்லின் எடையே கல்லைப் பிடித்து நிற்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் காற்றில் நிற்கிறது. பாதி இடிந்து கிடக்கின்றன. மூடிக்கல் விழுந்து உடைந்தவை, பலகை சாய்ந்தவை. முழுதாக நிற்கும் சிலவற்றின் உட்சுவரில் பெயின்டால் பெயர்களும் இதயக்குறியும். எனக்கு அழுகை வந்தது, உண்மையாகவே. யாரோ தங்கள் தாயையோ தகப்பனையோ வைத்துக் கும்பிட்ட இடம்.

மகன் ஒன்றுக்குள் குனிந்து நுழையப் போனான். அம்மா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "டேய், யாரோட சமாதியோ. செருப்பைக் கழட்டு. உள்ளே போகாதே, வாசல்ல நின்னு பாரு." அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, சில்லென்றிருந்த பாறையில் வெறுங்காலோடு நின்றார். தன் ஊர்ப்பக்கம் இப்படிப்பட்ட கல்லறைகளைப் பாண்டவர் குழி என்பார்கள் என்று பேரனிடம் சொன்னார். இங்கே வருபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: மூடிக்கல் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். ஒரு கல் நகர்ந்தால் மொத்தமும் சரியும், திரும்ப நிறுத்த ஆள் இல்லை. காலை ஒன்பது மணிக்குள் போனால் பாறை சுடாது, கூட்டமும் இருக்காது. மேலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கக் கரும்பு. அந்தப் பச்சைக்கு நடுவே அங்கங்கே புகை.

அந்தப் புகையைத் தேடித்தான் அடுத்துப் போனோம்.

மறையூர் வெல்லத்தைப் பற்றி எனக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. சில வருடங்களுக்கு முன்பு மூணாறு போனபோது வழியோரக் கடை ஒன்றில் "மறையூர் சர்க்கரை" என்று எழுதி வைத்திருந்ததை மூன்று கிலோ வாங்கி வந்தேன். நல்ல மஞ்சள் நிறம், ஒரே அளவு உருண்டை. பாயசத்தில் போட்டால் உப்புக் கரித்தது. அம்மா நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது அடிச்ச வெல்லம்" என்று ஒதுக்கி வைத்துவிட்டார். வெளியூர் வெல்லத்தை மறையூர்ப் பெயரில் விற்பது இங்குள்ள விவசாயிகளுக்குப் பல காலத் தலைவலி. 2019-ல் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேரளத்தில் வெல்லத்துக்குச் சர்க்கரை என்று பெயர். நம் சர்க்கரை அங்கே பஞ்சசாரை. முதல் நாள் டீக்கடையில் "சர்க்கரை கம்மியா" என்று அம்மா சொல்ல, வெல்லம் போட்ட கட்டன் காப்பி வந்தது. எங்களுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. அம்மாதான் சொன்னார்: "நாமளும் சர்க்கரைப் பொங்கல்னுதானே சொல்றோம், அதுல சீனியா போடுறோம்?"

கரும்பாலை என்றால் பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. நாலு பக்கமும் திறந்த ஒரு கொட்டகை, நடுவில் தரையோடு தரையாக அடுப்பு, மேலே ஆள் படுக்கும் அகலத்துக்கு ஒரு கொப்பரை. ஒரு பக்கம் சாறு பிழியும் இயந்திரம், பக்கத்திலேயே காயவைத்த கரும்புச் சக்கை மலைபோல. அந்தச் சக்கைதான் விறகு. கரும்பு தன்னைத்தானே காய்ச்சிக்கொள்கிறது. "பார்க்கலாமா?" என்று கேட்டோம். தாராளமாக என்றார்கள். சுற்றுலாக்காரர்கள் வருவார்கள், ஐந்து நிமிடம் நின்று படம் எடுத்துவிட்டு ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அம்மா ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார். அம்மா வளர்ந்தது கரும்பாலை ஓடிய வீட்டில். பிறகு கரும்பெல்லாம் சர்க்கரை ஆலைக்குப் போக ஆரம்பித்து, தாத்தா கொப்பரையை எடைக்குப் போட்டுவிட்டார். ஐம்பது வருடத்துக்குப் பிறகு அந்த வாசனை.

சாறு கொதி வந்ததும் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். அழுக்கெல்லாம் நுரையாகத் திரண்டு மேலே வருகிறது, அதை நீளக் கரண்டியால் வழித்து வழித்து எடுக்கவேண்டும். விட்டுவிட்டால் வெல்லம் கலங்கும். பிறகு சாறு இறுக இறுக நிறம் மாறுகிறது: பச்சை கலந்த சாம்பல், பழுப்பு, அப்புறம் செம்பழுப்பு. அடுப்பு வாயில் உட்கார்ந்து சக்கை தள்ளுகிறவருக்குத் தீயின் அளவு கையில் இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு அவர் கொப்பரையைத் திரும்பிப் பார்த்தது குறைவு, கொதிக்கிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். பாகு முற்றும் நேரத்தில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தார்கள். அம்மா எட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு கொதி" என்றார். ஆலைக்காரர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். இன்னும் ஒரு கொதி விட்டார்கள்.

"எந்த ஊர் ஆலைம்மா?" என்று கேட்டார். வேறு விளக்கமே அவருக்குத் தேவைப்படவில்லை.

கொப்பரையைத் தூக்கி அகலமான மரத்தொட்டியில் பாகைக் கவிழ்த்தார்கள். பலகையால் கிளறக் கிளற அது குழைந்து கெட்டிப்பட்டது. ஆறிவிட்டால் உருட்ட முடியாது, சுடும்போதே கை வைக்கவேண்டும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அள்ளி அள்ளி உருட்டினார்கள். அச்சு கிடையாது. அதனால் மறையூர் வெல்லத்தில் இரண்டு உருண்டை ஒன்றுபோல் இருக்காது, ஒவ்வொன்றிலும் விரல் தடம் பதிந்திருக்கும். நல்லதை அடையாளம் காண ஆலைக்காரர் சொன்னவை: நிறம் கரும்பழுப்பாக இருக்கவேண்டும், மஞ்சளாகப் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். நாக்கில் உப்பு தெரியக் கூடாது. உருண்டைகள் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் இருந்தால் யோசியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆலையிலேயே வந்து வாங்குங்கள். அன்று காய்ச்சியது இளகலாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் நிழலில் பரப்பிவைத்துவிட்டு, பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போடவேண்டும். சூடாக அடைத்தால் வியர்த்துவிடும்.

அம்மாவுக்கு உருட்டிப் பார்க்க ஆசை, முகத்தில் தெரிந்தது. கேட்கக் கூச்சம். ஆலையில் வேலை செய்த ஒரு பெண்மணி தன் பக்கத்தில் இடம் விட்டு, "வாங்கம்மா, கையில கொஞ்சம் எண்ணெய் தொட்டுக்குங்க" என்றார். அம்மா இரண்டு உருண்டை உருட்டினார். சூடு தாங்காமல் ஊதிக்கொண்டே உருட்டினார். இரண்டும் மற்றவற்றில் பாதி அளவுதான் வந்தன. அவற்றுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். நாங்கள் ஐந்து கிலோ தனியாக வாங்கினோம்.

இரண்டரை மணிக்குக் கிளம்பி, வெயில் இருக்கும்போதே ஒன்பதாறு சாவடியைத் தாண்டினோம். முதல் நாள் எங்களைத் திருப்பி அனுப்பிய அதே காவலர். பின்கண்ணாடி வழியே பூண்டுக் கட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

விநாயகர் சதுர்த்தி அன்று கொழுக்கட்டைப் பூரணத்துக்கு வெல்லம் எடுக்க மகனை அனுப்பினேன். டப்பாவைத் திறந்து நெடுநேரம் என்னவோ செய்துகொண்டிருந்தான். போய்ப் பார்த்தால் ஒவ்வோர் உருண்டையாக எடுத்து, பாட்டியின் கையைப் பிடித்து, விரல் தடத்தில் விரலை வைத்துப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்தாவது உருண்டையில் பொருந்தியது. "இது உன்னோடது பாட்டி, இதை உடைக்கக் கூடாது" என்றான்.

அம்மா அதை வாங்கி அம்மிக்கல்லில் வைத்து ஒரே தட்டாகத் தட்டினார். "பூரணத்துக்குத்தானேடா உருட்டுனேன்" என்று சொல்லிவிட்டு, பெரிய துண்டை எடுத்து அவன் வாயில் போட்டார்.